கோல்ஃப் பயிற்சி கிரிப்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

விரல்கள் உட்கார வேண்டிய இடங்களில் பள்ளமும் மேடுமாக வார்த்த ரப்பர் கைப்பிடியை, அதாவது கிரிப்பைத்தான் விளையாட்டுக் கடைகளில் 'பயிற்சி கிரிப்' என்று விற்கிறார்கள். இரண்டு வகை உண்டு. கிளப்பில் (கோல்ஃப் மட்டையில்) இருக்கும் பழைய கிரிப்பை அறுத்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் நிரந்தரமாக மாட்டுவது ஒன்று. இருக்கிற கிரிப்பின் மேலேயே கவ்விக்கொள்ளும் உறை இன்னொன்று. இரண்டும் சுமாராக ஒரு நல்ல தோல் கையுறையின் விலைக்குள் அடங்கிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கும், பந்து எப்போதும் வலப்பக்கமே வளைந்து போகிறவர்களுக்கும் நிரந்தரமாக மாட்டும் வகை வாங்கத் தகுந்தது. கவ்வும் வகையைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் எதை வாங்கினாலும் அது சொல்லித் தருவது கை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான். எவ்வளவு அழுத்தமாகப் பிடிப்பது, எப்படிக் குனிந்து நிற்பது, கைகள் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்க வேண்டும் என்பவையெல்லாம் அதன் கையில் இல்லை. ஸ்விங்கை, அதாவது கிளப்பைச் சுழற்றி அடிக்கும் வீச்சைக் கெடுப்பதில் இவற்றின் பங்கு பெரியது. அதனால் கிரிப்பை மட்டும் தனியாக மதிப்பிடாமல், அது தீர்த்துவைக்கும் தவறுகளையும் தீர்க்க முடியாத தவறுகளையும் சேர்த்தே பார்க்கிறோம். எழுதியிருப்பதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளவும். வாங்கும்போதும் இடக்கைக்கென்றே வார்த்ததைக் கேட்டு வாங்கவும்.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் கிளப் ஃபேஸ் (பந்தில் படும் தட்டையான முகம்) எங்கே பார்க்கிறது என்பதுதான். ஃபேஸ் பார்க்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம், பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதை முடிவு செய்கிறது. 200 மீட்டர் போகும் ஒரு நீண்ட அடி (டிரைவ்), குறியிலிருந்து வெறும் 4 டிகிரி விலகிக் கிளம்பினால் போதும். துளிக்கூட வளையாமல் போனாலும் சுமார் 14 மீட்டர் வலப்பக்கம் விழும். அதோடு வளைவும் சேர்ந்தால் பந்து மரங்களுக்குள்தான். அந்த 4 டிகிரிக்கு ஸ்விங்கில் காரணம் தேடுகிறவர்கள் அதிகம். ஆனால் அது பல நேரம் ஸ்விங் தொடங்கும் முன்பே, கை கிளப்பைப் பற்றிய இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஏன் என்று பார்க்கலாம். கிளப் இல்லாமல் நேராக நின்று இடக்கையைத் தொங்க விடுங்கள். புறங்கை முழுக்க முன்னாலும் பார்க்காது, முழுக்கப் பக்கவாட்டிலும் பார்க்காது. இரண்டுக்கும் நடுவே ஓர் இயல்பான திருப்பத்தில் நிற்கும். கிளப் வேகமாகக் கீழிறங்கும்போது அதன் இழுப்பு கையைக் கிட்டத்தட்ட அந்த இயல்பான திருப்பத்துக்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். ஆகவே தொடக்கத்தில் இடக்கையை அந்தத் திருப்பத்துக்கு மாறாக, இடப்பக்கமாக நகர்த்திப் பிடித்திருந்தால், அடிக்கும் கணத்தில் கை தன் இயல்புக்குத் திரும்ப, ஃபேஸ் திறந்துகொள்ளும். இதுதான் 'வீக்' பிடி, பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸின் பிறப்பிடம். அளவுக்கு மீறி வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால் ஃபேஸ் மூடிக்கொள்ளும். அது 'ஸ்ட்ராங்' பிடி, பந்து இடப்பக்கம் வளையும், அதாவது ஹுக் ஆகும். ஹுக்கால் பல வருடம் அவதிப்பட்ட பழம்பெரும் கோல்ஃப் வீரர் பென் ஹோகன், இடக்கையை வீக் பக்கம் நகர்த்திக்கொண்டுதான் அதை அடக்கினார். அது அவருடைய மணிக்கட்டுக்கும் வேகத்துக்கும் சரியான மருந்து. வார இறுதியில் ஆடும் ஒருவர் அதையே பின்பற்றினால், ஏற்கெனவே இருக்கிற ஸ்லைஸ் இரட்டிப்பாகும்.

இனி பயிற்சி கிரிப் இதில் எதைச் சரி செய்கிறது என்று பார்ப்போம். அது நன்றாகச் செய்யும் முதல் வேலை, கிளப்பை உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு இறக்குவது. இடக்கையில் கிளப் ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தொடங்கிச் சாய்வாகப் போய்ச் சுண்டுவிரலின் அடியில் முடிய வேண்டும். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, உள்ளங்கையின் அடியில் இருக்கும் தடித்த சதை, கிரிப்பின் மேல் வந்து அமர வேண்டும். சரியாக அமர்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனை: மற்ற விரல்களை எடுத்துவிட்டு, வளைத்த ஆள்காட்டி விரலாலும் மேலே அமர்ந்த அந்தச் சதையாலும் மட்டும் கிளப்பைத் தூக்கிப் பாருங்கள். நின்றால் சரி. சரிந்து விழுந்தால் கிளப் உள்ளங்கையின் நடுவே ஓடுகிறது என்று பொருள். உள்ளங்கைக்குள் ஓடும் கிளப்பில் மணிக்கட்டு மடங்காது. மடங்காத மணிக்கட்டால் வேகம் வராது. வேகம் வராததால் தோளைப் போட்டு இழுக்க வேண்டி வரும்.

வார்ப்பின் பள்ளங்கள் சுண்டுவிரல் பக்கம் கிளப்பை விரலடிக்குத் தள்ளிவிடுவதால், இந்தத் தவறு செய்வதே கடினமாகிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதன் விலை தகும்.

இரண்டாவது வேலை, இடக் கட்டைவிரலின் இடம். அது ஷாஃப்டின் (கிளப்பின் தண்டின்) நேர் மேலே நீட்டிப் படுக்கக் கூடாது. நடுவிலிருந்து சற்று வலப்பக்கம், கடிகாரத்தில் 1 மணி இருக்கும் திசையில் இருக்க வேண்டும். வார்ப்பில் இதற்கென்றே தட்டையான ஓர் இடம் உண்டு. குனிந்து பார்த்தால் இடக்கையின் விரல் மூட்டுகள் இரண்டோ, இரண்டரையோ தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் 'வி' வடிவக் கோடு, முகவாய்க்கும் வலத் தோளுக்கும் நடுவே சுட்டும். மூன்று மூட்டு தெரிந்தால் ஸ்ட்ராங், ஒன்று மட்டும் தெரிந்தால் வீக். மூட்டு எண்ணும்போது தலையை இடப்பக்கம் சாய்த்து எட்டிப் பார்க்கக் கூடாது. சாய்த்துப் பார்த்தால் எந்தப் பிடியிலும் மூன்று தெரியும்.

மூன்றாவது, வலக்கை. நடுவிரலும் மோதிரவிரலும்தான் இங்கே கிளப்பைத் தாங்குகின்றன. வலது உள்ளங்கையின் ஆயுள் ரேகை ஓடும் பள்ளம், இடக் கட்டைவிரலை முழுதாக மூட வேண்டும். இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. வலக்கையின் 'வி'யும் இடக்கையின் 'வி'யும் ஒரே திசையைச் சுட்டினால் இரு கைகளும் ஒரே கையாக வேலை செய்யும். வலச் சுண்டுவிரலை இடக்கையின் மேல் ஏற்றி வைப்பதா, ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்வதா என்பதை இந்த கிரிப் உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. ஏற்றி வைக்கும் பிடி ஹாரி வார்டன் பெயரில் வழங்குகிறது. 1896 முதல் 1914 வரை ஓப்பன் சாம்பியன்ஷிப்பை 6 முறை வென்றவர் அவர். ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் கோத்துப் பிடிப்பவர்கள். விரல் குட்டையாக இருந்தால் கோப்பது வசதி. பத்து விரலையும் கிளப்பில் வைத்துப் பிடிப்பவர்களுக்கு மட்டும் இந்த வார்ப்பு பொருந்தாது. அவர்களுடைய வலக்கை ஒரு விரல் அகலம் கீழே இறங்குவதால், வலக்கைக்கான பள்ளங்கள் எல்லாமே இடம் தவறிப்போகும்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, எல்லாக் கைக்கும் ஒரே அளவு. சாதாரண வார்ப்பு, நடுத்தர ஆண் கையை மனதில் வைத்துச் செய்தது. ஸ்மால் அளவு கையுறை போடுகிறவர்களுக்கு ஆள்காட்டி விரல் பள்ளத்தில் விழாமல் மேட்டின் மீது ஏறி நிற்கும். அப்படி நின்றால் விரல் தானாக இறுக்கிப் பிடிக்கும். கற்றுக்கொள்ளப் போவது தவறான அழுத்தத்தைத்தான். கடையில் கையுறை இல்லாமலும் கையுறையோடும் ஒருமுறை பிடித்துப் பார்த்து, எந்த விரலும் மேட்டில் ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பொட்டலம் பிரித்துக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. அழுத்தம் சரியா தவறா என்பதை இது மறைத்துவிடும். பள்ளத்தில் விரல் பூட்டிக்கொள்வதால் கிளப் நழுவுவது தெரிவதில்லை. 1 என்பது கிளப் கையிலிருந்து நழுவும் அளவு, 10 என்பது முழு பலத்தோடு நெரிப்பது என்று வைத்துக்கொண்டால் 4 அல்லது 5 போதும். அந்த அழுத்தமும் எல்லா விரலிலும் சமமாக இருக்கக் கூடாது. இடக்கையில் கடைசி மூன்று விரல்களும், வலக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் பிடிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளுவதுபோல இறுக்கினால் முன்கையின் மேல்பக்கத் தசை விறைக்கும். அந்த விறைப்பு முழங்கைக்கும் தோளுக்கும் ஏறி, கிளப் பின்னால் போவதே வெட்டி இழுத்ததுபோல ஆகிவிடும். எனவே பயிற்சி கிரிப்பில் பத்து முறை பிடித்தால், உடனே சாதாரண உருண்டை கிரிப்புள்ள கிளப்பை எடுத்துப் பத்து முறை பிடிக்க வேண்டும். உருண்டையில் அதே பிடியை வைக்க எவ்வளவு இறுக்கம் தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும்.

கவ்வும் வகையை ஒதுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இருக்கிற கிரிப்பின் மேல் இன்னோர் அடுக்கு ஏறுவதால் பிடி தடிக்கிறது. விரல் நுனி உள்ளங்கையைத் தொட வேண்டிய இடத்தில் இடைவெளி விழுகிறது. உறையைக் கழற்றியதும் கைக்குள் வருவது வேறொரு தடிமன். அதோடு, முழு ஸ்விங்கில் உறை துளி சுழன்றாலும் கற்றது பாழ். உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது பிடித்துப் பழக மட்டும் அது ஆகும். அதை வைத்துப் பந்தை அடிக்க வேண்டாம்.

மாட்டும்போது

நிரந்தர வகை சரியாக மாட்டப்படவில்லை என்றால் இல்லாமலிருப்பதே மேல். சாதாரண உருண்டை கிரிப் கொஞ்சம் சுழன்று ஒட்டினாலும் பெரிய நஷ்டமில்லை. இங்கே அப்படியில்லை. இடக்கை பிடிக்கும் இடத்தில் கிரிப்பின் விட்டம் ஏறக்குறைய 23 மி.மீ.; சுற்றளவு 72 மி.மீ. அந்தச் சுற்றளவில் 1 மி.மீ. தவறி ஒட்டினால் ஃபேஸ் 5 டிகிரி திரும்பிவிடும். ஸ்லைஸைக் குணப்படுத்த வாங்கிய பொருளே ஸ்லைஸைக் கற்றுத்தரத் தொடங்கும்.

அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் மாட்டாதீர்கள். ஒரு பழைய 7 அல்லது 8 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) போதும். பழைய கிரிப்பைக் கொக்கி முனைக் கத்தியால், உடம்பைவிட்டு வெளிப்பக்கமாக அறுக்கவும். கிராஃபைட் ஷாஃப்டில் நேர்க்கத்தி பட்டால் ஷாஃப்டே கீறிப் பலவீனமாகிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் டேப்பை ஹேர் டிரையரால் சூடாக்கினால் உரிந்து வரும். மிச்சப் பிசினை வெள்ளை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கவும். பிறகு 5 செ.மீ. அகல இரட்டைப் பக்க டேப்பை நீளவாக்கில் ஒட்டி, மேல்முனையில் 1 செ.மீ. கூடுதலாக விட்டு ஷாஃப்டின் துளைக்குள் மடக்கவும். புது கிரிப்பின் மூடியில் இருக்கும் சிறு ஓட்டையை ஒரு கோல்ஃப் டீயால் (பந்தை ஏற்றி வைக்கும் சிறு ஆணியால்) அடைத்து, உள்ளே ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, நிறுத்தாமல் ஒரே தள்ளலில் ஏற்ற வேண்டும். பாதியில் தயங்கினால் அங்கேயே நின்றுவிடும்.

ஏறியதும் ஓரிரு நிமிடம்தான் அவகாசம். கிளப்பைத் தரையில், அடிக்க நிற்கும் நிலையிலேயே வைத்து, ஃபேஸின் கீழ்விளிம்பு ஒரு டைல்ஸ் கோட்டுக்கு இணையாக நிற்கும்படி பார்த்து, கட்டைவிரல் தட்டையை அதற்கேற்பத் திருப்பவும். இதை இரண்டு பேராகச் செய்வது நல்லது. ஒருவர் கிளப்பைப் பிடிக்க, மற்றவர் எதிரே நின்று கோட்டைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள் அடிக்கவும். பயிற்சி கிரிப் சாதாரண கிரிப்பைவிடக் கனமாக இருந்தால், 4–5 கிராம் கூடும் ஒவ்வொரு முறையும் ஸ்விங் வெயிட் (வீசும்போது கிளப் தலை கனமாகத் தெரியும் அளவு) ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும். கிளப் தலை இலேசாகிவிட்டதுபோலத் தோன்றும். அது பழுது இல்லை.

ஆட்டத்தின்போது அந்தக் கிளப்பைப் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். கைக்கு ஏற்ப வார்த்த கிரிப்பை விதிகள் ஏற்பதில்லை. அதை வைத்து ஓர் அடி அடித்தாலே தகுதி நீக்கம்தான். பையில் சும்மா கிடந்தாலும் 14 கிளப் கணக்கில் அதுவும் ஒன்று. ரவுண்டின் நடுவே அதை வீசிப் பார்த்துக்கொண்டாலும் விதி 4.3 மீறல்; மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயில் முதல் தடவைக்கு 2 ஸ்ட்ரோக் தண்டனை.

கை சரியான பிறகும் தீராதவை

பிடி சரியான இடத்தில் இருந்தும் பந்து சரியாகப் போகவில்லை என்று திரும்ப வருகிறவர்களிடம் பெரும்பாலும் கண்ணில் படுவது வலத் தோள். வலக்கை இடக்கைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே வலத் தோள் இடத் தோளைவிடச் சற்றுத் தாழ வேண்டும். ஆனால் வலக்கையைக் கிரிப்பின் மேலிருந்து போர்த்திப் பிடிப்பவர்கள் தோளைத் தாழ்த்தாமல் முன்னால் தள்ளுகிறார்கள். தோள்வரிசை இலக்கின் இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. பாதம் நேராக நிற்பதால் அவர்களுக்கே தெரியாது. தோள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகவே கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டி வரும். ஃபேஸ் கொஞ்சம் திறந்திருந்தால் ஸ்லைஸ். பிடியும் நிற்கும் நிலையும் தனித்தனிப் பாடங்கள் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பயிற்சி கிரிப் வலக்கையைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லும்போது தோளும் ஓரளவு சரியாகும். ஆனால் ஓரளவுதான். வலக்கையை வைக்கும்போது முன்னால் எட்டிப் பிடிக்காமல், வல முழங்கையை விலாப் பக்கம் தளர்த்தித் தாழ்த்திக் கொண்டுபோய் வைப்பதைத் தனியாகப் பழக வேண்டும்.

உள்ளங்கைப் பிடிக்கும் நிலைக்கும் உள்ள தொடர்பும் இப்படித்தான். கிளப் உள்ளங்கையில் ஓடினால் கையும் ஷாஃப்டும் ஒரே கோடாகிவிடும். அப்படிப் பிடித்துக்கொண்டு கிளப்பைத் தரையில் வைக்க, கைகளை உயர்த்தி முன்னால் நீட்ட வேண்டும். எடை முன்பாதத்துக்குப் போகும்; கிளப் தலையின் நுனி நிலத்தில் குத்தி, தண்டோடு சேரும் பக்கம் தூக்கிக்கொள்ளும். விரல்களில் பிடித்தால் கையும் ஷாஃப்டும் ஒரு கோணத்தில் மடியும், கைகள் தோளுக்கு நேர் கீழே தளர்வாகத் தொங்கும்.

நிற்கும் நிலைக்கு வாங்க வேண்டிய சாமான் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. 4 அடி நீள ஃபைபர் அலைன்மென்ட் குச்சி இரண்டு போதும். அதுவும் கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையில் அரை அங்குல பி.வி.சி. குழாயை 4 அடிக்கு இரண்டு துண்டாக வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், வேலை ஒன்றுதான். ஒரு குச்சியை முதுகுத்தண்டோடு சேர்த்துப் பிடியுங்கள்: பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றிலும் அது தொட வேண்டும். தொட்டபடியே, கிளப்பை இடுப்பு மடிப்பில் குறுக்காக வைத்துப் பின்னால் தள்ளுவதுபோல எண்ணிக்கொண்டு குனியுங்கள். குனிய வேண்டிய இடம் தொடை வயிற்றோடு சேரும் மூட்டு. வயிற்றை மடித்துக் குனிந்தால் பின்தலையோ வால் எலும்போ குச்சியை விட்டு விலகும்.

இரண்டு தவறுகளை டைட்டலிஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இன்ஸ்டிட்யூட் பயிற்சியாளர்கள் 'சி' நிலை, 'எஸ்' நிலை என்று அழைக்கிறார்கள். மேல்முதுகு கூன்விட்டுத் தோள் முன்னால் உருண்டிருந்தால் 'சி'. மேல்முதுகு உருண்டால் மார்பு திரும்பாது. திரும்பாத மார்புக்குப் பதில் கைகள் மட்டும் கிளப்பைத் தூக்கும். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் இது சாதாரணம். 'எஸ்' என்பது இதற்கு நேர் எதிர்: "முதுகை நிமிர்த்துங்கள்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கீழ்முதுகை உள்ளே குழித்து, பின்புறத்தை வெளியே தள்ளி நிற்பது. பார்க்க விளையாட்டு வீரர் போல இருக்கும். ஆனால் வயிற்றுத் தசை வேலை செய்யாமல் நின்றுவிடுவதால் சுமை முழுக்கக் கீழ்முதுகில் விழும். முதுகுவலி உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தொப்புளை இலேசாக உள்ளிழுத்து, இடுப்பெலும்பைத் துளி கீழே சுருட்டினால் குழி மறையும்.

முட்டியை நிறைய மடக்குவது இன்னொரு பொதுத் தவறு. பூட்டை விடுவிக்கும் அளவுக்கு மடக்கினால் போதும். எடை குதிகாலிலும் இல்லாமல் விரல்நுனியிலும் இல்லாமல், ஷூ லேஸ் கட்டும் இடத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். குதிகாலில் உட்கார்ந்து நிற்பவர் கீழே வரும்போது சமநிலைக்காக முன்னால் சாய்வார். இடுப்பு பந்தை நோக்கி நகரும், முதுகு நிமிரும், கைகளுக்கு இடம் போதாமல் பந்து கிளப்பின் கழுத்தில் பட்டு வலப்பக்கம் சிதறும். இதை ஷாங்க் என்று பயந்து ஸ்விங்கை மாற்றுபவர்கள், ஸ்விங்கைத் தொடும் முன் பாதத்தின் எடையைப் பார்த்துவிடுங்கள்.

கிரிப்பின் மேல்முனைக்கும் தொடைக்கும் உள்ள இடைவெளி 7 அயர்னில் ஒரு கை அகலம், சுமார் 10 செ.மீ.; டிரைவரில் அதைவிடச் சற்று அதிகம், 15 செ.மீ. வரை போகலாம். பாதங்களின் இடைவெளி 7 அயர்னுக்குத் தோள் அகலம், டிரைவருக்கு அதைவிட விரிவு. பந்து டிரைவரில் இடக் குதிகாலின் உட்பக்கத்துக்கு நேரே. 7 அயர்னில் நடுவிலிருந்து சற்று முன்னால்.

வரிசை முக்கியம். நின்று குனிந்துவிட்டுப் பிறகு கிளப்பைப் பிடித்தால், கிளப் தரையில் கிடக்கிற கோணத்துக்குக் கை வளைந்துகொடுக்கும். கிளப்பை இடுப்புயரத்தில், முன்னால் சாய்வாகத் தூக்கிப் பிடித்து, ஃபேஸின் கீழ்விளிம்பு செங்குத்தாக நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, முதலில் இடக்கை, பின் வலக்கை. அதன் பிறகே இடுப்பில் குனிந்து கிளப்பைப் பந்துக்குப் பின்னால் இறக்குவது. இந்த வரிசை ஒன்றை மாற்றிக்கொண்டாலே பலருக்குப் பாதித் தவறு போய்விடும்.

உருண்டை கிரிப்பில் எதை வாங்குவது

பயிற்சி கிரிப் பழகிய கையைத் தொடர்ந்து காப்பது, மற்ற 13 கிளப்புகளில் இருக்கும் சாதாரண கிரிப்தான். உலகெங்கும் பரவலாகப் புழங்கும் கோல்ஃப் பிரைட் நிறுவனத்தின் டூர் வெல்வெட், சாதாரண அளவில் சுமார் 50 கிராம் எடை. மென்மையான ரப்பர், விலையும் அடக்கம். பெரும்பாலோருக்கு இதுவே போதும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வியர்வை கிரிப்பில் இறங்கி வழுக்கும். அப்படி இருந்தால் நூல் கலந்த கார்டு வகைக்குப் போகலாம். ஆனால் அது மென்மையான கையை உரசும். மேல்பாதி கார்டும் கீழ்ப்பாதி ரப்பரும் சேர்ந்த, அதே நிறுவனத்தின் எம்.சி.சி. கிரிப் அதற்கு ஒரு நடுவழி. எம்.சி.சி. பிளஸ்4-இல் வலக்கைப் பகுதி, நான்கு சுற்று டேப் கூடுதலாக ஒட்டியதுபோலத் தடித்திருக்கும். வலக்கையால் நெரிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதை உறுதியாகப் பரிந்துரைக்கிறோம். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் மேடு ஓடும் அலைன் வகை, விரல்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைக் காட்டும். மேடு நேராக, முழு நீளத்துக்கும் ஓடுவதால் விதிக்கு உட்பட்டதும்கூட. பயிற்சி கிரிப்பிலிருந்து சாதாரண கிரிப்புக்கு மாறுகிறவர்களுக்கு இது நல்ல பாலம்.

அளவைப் பார்ப்பது எளிது. இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் கட்டைவிரலடிச் சதையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். குத்தினால் கிரிப் சிறிது. விரற்கடை இடைவெளி தெரிந்தால் பெரிது. மிட்சைஸ் என்பது விட்டத்தில் 1/16 அங்குலம், ஜம்போ 1/8 அங்குலம் கூடுதல். ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஏறக்குறைய 1/64 அங்குலம் சேர்க்கும். அதனால் ஒரே கடையில் ஒரே கிரிப்பை உங்கள் கைக்குச் சரிசெய்து போடச் சொல்லலாம். மெல்லிய கிரிப் ஹுக் தரும், தடித்தது ஸ்லைஸ் தரும் என்பதைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கைக்குப் பொருந்தாத எந்த அளவும் இறுக்கிப் பிடிக்க வைக்கும் என்பதுதான் உண்மையான கெடுதல்.

வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி மூன்றும் வைத்து மாதம் ஒருமுறை தேய்த்துத் துடைத்தால் ரப்பரின் ஒட்டும் தன்மை திரும்பும். வருடத்துக்கு ஒருமுறை அல்லது சுமார் 40 ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுக் கணக்கு. பளபளவென்று மின்னத் தொடங்கிவிட்டால் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். வழுக்கும் கிரிப்பை வைத்துக்கொண்டு 4 அழுத்தத்தில் யாராலும் பிடிக்க முடியாது.

பழகும் முறை இது. வீட்டில் தினம் பத்து நிமிடம், பந்தில்லாமல், பிடித்து விட்டுப் பிடித்து. ஒவ்வொரு முறையும் கையை முழுதாக எடுத்துவிட வேண்டும். பந்து அடித்துப் பழகும் திடலான ரேஞ்சில் முதல் 20 பந்துகளைப் பயிற்சி கிரிப் போட்ட அயர்னால் பாதி ஸ்விங்கில், இடுப்புயரத்திலிருந்து இடுப்புயரம் வரை மட்டும் அடியுங்கள். அடுத்த 20 பந்து உருண்டை கிரிப்பில், அதே அளவு ஸ்விங். செல்போனைக் கை உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் வைத்து, உங்கள் கைகளுக்குப் பின்னாலிருந்து இலக்கை நோக்கிப் படம்பிடியுங்கள். கோணம் சற்றுத் தவறினாலும் தோள் எங்கே பார்க்கிறது என்பது பொய்யாகத் தெரியும். தொடக்கத்தில் பந்து இடப்பக்கம் போகும். வெட்டி வரும் பழைய பாதை அப்படியே இருக்க, ஃபேஸ் மட்டும் மூடத் தொடங்கியதன் அறிகுறி அது. அந்தக் கட்டத்தில் பயந்து பிடியைப் பழைய இடத்துக்குத் திருப்புகிறவர்களே அதிகம். பிடியை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, வலத் தோளைத் தாழ்த்துங்கள்.

பலன் வருகிறதா என்பதைப் பந்தைவிட முன்னதாகக் காட்டுவது இடக்கைக் கையுறைதான். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் அடிச்சதை இருக்கும் இடத்தில் தோல் கறுத்துத் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், கிளப்பின் முனை ஒவ்வொரு ஸ்விங்கிலும் அங்கே அசைகிறது. அதாவது அடிச்சதை கிரிப்பின் மேல் அமராமல் பக்கத்தில் உரசுகிறது. கிளப்பின் கடைசி முனையையே பிடிப்பதாலும் இது வரும், 1 செ.மீ. வெளியே தெரியும்படி கீழிறக்கிப் பிடிக்கவும். கட்டைவிரலில் மட்டும் தேய்ந்தால், வலக்கை இடக் கட்டைவிரலின் மேல் சுழல்கிறது. புதுக் கையுறை வாங்கும் நாளில் பழையதைத் தூக்கி எறியாமல், தேதி எழுதி வைத்துக்கொண்டு, அடுத்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டு கையுறைகளை மாற்றி மாற்றிப் போட்டு, நிழலில் விரித்துக் காயவைத்தால் தேய்வது கையின் தவறாலா வியர்வையாலா என்பதும் பிரிந்து தெரியும்.